மாதம் ஒரு பக்கம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் ஒரே நாவலை 28 ஆண்டுகள் கூடிப் படித்து முடித்த ஒரு வாசகர் குழுவைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதி. ஆகவே இம்மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தப் பொருளிலேயே நிற்கிறேன்.

கேள்வி: ஒரு நாவலுக்கு 28 ஆண்டுகளா? அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விடுமே. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் புத்தகத்தில்? (வாசகர், திண்டுக்கல்)

அந்தப் புத்தகம் அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய ‘ஃபின்னெகன்ஸ் வேக்’. 1923 மார்ச்சில் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 16 ஆண்டுகள் இதிலேயே உழன்றார். 1939 மே 4 அன்று நூல் வெளிவந்தது. 628 பக்கங்கள், 17 இயல்கள், நான்கு பாகங்கள். இதற்கு முந்திய ‘யூலிஸஸ்’ நாவலில் டப்ளின் நகரத்தின் ஒரு பகலை எழுதியவர், இதில் அதே நகரத்தின் ஓர் இரவை எழுதினார். டப்ளினை ஒட்டிய சாப்பலிசாட் என்னும் ஊரில் மதுக்கடை நடத்தும் ஒருவர், அவருடைய மனைவி, ஷெம், ஷான் என்ற இரட்டைப் பிள்ளைகள், ஒரு மகள் ஆகியோர்தாம் குடும்பம். அந்த மனிதர் பூங்காவில் ஏதோ தவறு செய்துவிட்டதாக ஊரில் ஒரு வதந்தி. கதை என்று கையில் பிடித்துச் சொல்லக்கூடியது இவ்வளவே.

கடினம் மொழியில் இருக்கிறது. கனவில் ஒருவரே நம் தந்தையாகவும் பள்ளி ஆசிரியராகவும் தெருக்கோடிக் கடைக்காரராகவும் தோன்றுவதுண்டு அல்லவா? இந்த நூலில் சொற்களுக்கு அப்படி ஆகிவிடுகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லின் வயிற்றில் லத்தீனும் ஐரிஷும் டேனிஷும் பதுங்கியிருக்கும். அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்கள் இதில் கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்து படிப்பவர் பத்தாம் வரியில் மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

வெனிஸ் குழுவை 1995 இல் தொடங்கியவர் ஜெர்ரி ஃபியால்கா என்ற சோதனைத் திரைப்படக் கலைஞர். மாதம் ஒரு முறை உள்ளூர் நூலகத்தில் பத்துப் பேர் முதல் முப்பது பேர்வரை கூடினார்கள். தொடக்கத்தில் மாதத்துக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டவர்கள், அதுவே அதிகமென்று கண்டு ஒரு பக்கத்துக்கு இறங்கினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் கணினித் திரை வழியே கூடித் தொடர்ந்தார்கள். 2023 அக்டோபரில் கடைசிப் பக்கத்தைத் தொட்டபோது, நாற்பதுகளின் தொடக்கத்தில் இதைத் தொடங்கிய ஃபியால்காவுக்கு எழுபது வயது.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் இன்னொரு குழு உண்டு. அங்கே 1985 இல் நிறுவப்பட்ட ஜேம்ஸ் ஜாய்ஸ் அறக்கட்டளையில் ஃபிரிட்ஸ் சென் என்பவர் வளர்த்தெடுத்த குழு அது. வாரம் ஒரு முறை கூடியும், நூலை முதன்முறை முடிக்க அவர்களுக்கு 11 ஆண்டுகள் ஆயின. முடித்தவர்கள் புத்தகத்தைத் திருப்பி முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்கள். ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் டோரா கார்சியா 2013 இல் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். ஒரு சிறிய அறையில் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு சொல்லுக்காக ஒருவரையொருவர் மறுத்தும் ஒப்புக்கொண்டும் பேசிக்கொண்டிருப்பவர்களைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜாய்ஸ் தம் கடைசி நாட்களில் அடைக்கலம் புகுந்த நகரமும் சூரிச்தான். 1941 ஜனவரி 13 அன்று அங்கேதான் காலமானார். ஃப்ளன்டர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

கேள்வி: ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். இந்த நூலை வாங்கிப் பத்தாண்டுகள் ஆகின்றன. முதல் பக்கத்தை நான் தாண்டியதில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. குழுவாகப் படித்தால் மட்டும் விளங்கிவிடுமா? ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக் காட்ட முடியுமா? (பேராசிரியை, திருநெல்வேலி)

வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மா. முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். ஒலிக்காக அதைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்: “ரிவர்ரன், பாஸ்ட் ஈவ் அண்ட் ஆடம்ஸ், ஃப்ரம் ஸ்வெர்வ் ஆஃப் ஷோர் டு பெண்ட் ஆஃப் பே, பிரிங்ஸ் அஸ் பை அ கொமோடியஸ் வைகஸ் ஆஃப் ரீசர்குலேஷன் பேக் டு ஹோத் காஸில் அண்ட் என்வைரன்ஸ்.”

இதை நான்கு பேர் முன்னால் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். முதலில் எவருக்கும் பிடிபடுவது ஆறுதான். ‘ரிவர்’ என்பதும் ‘ரன்’ என்பதும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. டப்ளின் வரைபடத்தைப் பார்த்திருக்கும் ஒருவர் அது லிஃபி ஆறு என்பார். ஏனெனில் அதன் கரையில் ‘ஆடம் அண்ட் ஈவ்ஸ்’ என்று மக்கள் வழங்கும் தேவாலயம் ஒன்று இருக்கிறது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், அந்தப் பெயர்கொண்ட மதுக்கடைக்குப் போவதுபோல் போய் மக்கள் மறைவாகப் பூசை கண்டார்களாம். அந்தப் பெயரே கோயிலுக்கும் நிலைத்துவிட்டது. ஜாய்ஸ் அதைத் திருப்பிப் போட்டு ஏவாளை முன்னால் நிறுத்துகிறார். திருமறை படித்த ஒருவர் இங்கே ஏதேன் தோட்டத்தைக் கேட்பார்; முதல் ஆணும் முதல் பெண்ணும் முதல் வீழ்ச்சியும் ஐந்தாம் சொல்லுக்குள் வந்தாயிற்று.

‘கொமோடியஸ்’ என்பதில் விசாலம் என்ற பொருளோடு கொமோடஸ் என்ற ரோமப் பேரரசனும் எட்டிப் பார்க்கிறான். ‘வைகஸ்’ என்பது லத்தீனில் தெரு, ஊர். அதே சொல்லில் இத்தாலியச் சிந்தனையாளர் ஜாம்பட்டிஸ்டா வீகோவின் பெயரும் இருக்கிறது. மனித வரலாறு தெய்வங்களின் காலம், வீரர்களின் காலம், மக்களின் காலம் என்று மூன்று படிகளில் நடந்து மறுபடியும் தொடக்கத்துக்கே திரும்புகிறது என்று 18 ஆம் நூற்றாண்டில் எழுதியவர் அவர். நாவலின் நான்கு பாகங்களும் அந்தச் சுழற்சியின்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ‘ஹோத் காஸில் அண்ட் என்வைரன்ஸ்’ என்பது டப்ளின் விரிகுடாவின் வடகோடியில் உள்ள கோட்டையும் அதன் சுற்றுப்புறமும். அவற்றின் முதலெழுத்துகளான எச், சி, ஈ ஆகிய மூன்றும் கதைத்தலைவரான ஹம்ப்ரி சிம்ப்டன் ஏர்விக்கரின் பெயருடைய முதலெழுத்துகள். ஆற்றின் பெயர்தான் அவருடைய மனைவி அன்னா லிவியாவின் பெயருக்கும் மூலம்.

இன்னும் ஒன்று. இந்த வாக்கியம் சிறிய எழுத்தில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அப்படித் தொடங்கினால் முன்பாதி வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். அந்த முன்பாதி நூலின் 628 ஆம் பக்கத்தில் முற்றுப்புள்ளியின்றி நின்றுபோன கடைசி வாக்கியம்: “எ வே எ லோன் எ லாஸ்ட் எ லவ்ட் எ லாங் த.” அந்தக் கடைசி ‘த’ போய் ‘ரிவர்ரன்’ என்பதில் ஒட்டிக்கொள்கிறது. தமிழ் படித்தவருக்கு இதில் வியப்பு இருக்கலாம், திகைப்பு இருக்க வேண்டியதில்லை. அபிராமி அந்தாதி ‘உதிக்கின்ற’ என்று தொடங்கி ‘உதிக்கின்றவே’ என்று முடிந்து வட்டமாகிறதே. மண்டலித்தல் என்று நம் இலக்கணம் அதற்குப் பெயரும் வைத்திருக்கிறது. இந்த நூலை நண்பர்கள் சிலரோடு நானும் கூடிப் படிக்கிறேன்; எங்கள் குழுவில் இதை முதன்முதலில் சொன்னவர் ஆங்கில நாவல் அதிகம் படிக்காதவர், ஆனால் அந்தாதியை நாள்தோறும் பாராயணம் செய்பவர். நான் அந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

உங்கள் கேள்விக்கு இதுதான் என் விடை. குழுவாகப் படித்தால் முழுதும் விளங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருக்குள் இருக்கும் அறிவு இந்த நூலுக்குப் போதாது. ஆனால் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் அறிவு பல நேரங்களில் போதுமானதாக இருக்கிறது.

கேள்வி: இது எழுத்தாளர் செய்த ஏமாற்று வேலை என்று ஏன் சொல்லக்கூடாது? (வாசகர், சேலம்)

சொல்லலாம், சொன்னவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். ஜாய்ஸின் எழுத்துக்கு முன்னர் வழி திறந்துவிட்ட கவிஞர் எஸ்ரா பவுண்டு இதன் பகுதிகளைப் படித்துவிட்டு, தமக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று 1926 இல் கடிதம் எழுதினார். ஜாய்ஸ் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் பொருளுதவி செய்துவந்த ஹாரியட் ஷா வீவர் அம்மையாரும், ஜாய்ஸ் தம் திறமையை வீணாக்குவதாகத் தோன்றுகிறது என்று மறு ஆண்டு வருந்தி எழுதினார். ஜாய்ஸ் அதனால் மிகவும் மனம் உடைந்தார்.

ஆனால் அதற்குச் சற்று முன்பு நடந்த ஒன்றையும் பார்க்க வேண்டும். எதைப் பற்றி எழுதலாம் என்று சொல்லுங்கள், உங்களுக்காக ஒரு பகுதி எழுதித் தருகிறேன் என்று அவர் அதே அம்மையாரைக் கேட்டார். இங்கிலாந்தின் பென்ரித் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ‘அரக்கனின் கல்லறை’ என்று வழங்கும் ஓர் இடத்தைப் பற்றிய குறுநூலை அவர் அனுப்பிவைத்தார். இன்று நாம் படிக்கும் முதல் இயல், மண்ணுக்கடியில் டப்ளின் நகரமாகப் படுத்துறங்கும் அரக்கனோடு, அந்த வேண்டுகோளிலிருந்து எழுந்ததுதான். ஒரு வாசகரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள இவ்வளவு பாடுபட்டவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கண்பார்வை மங்கி, அறுவைச் சிகிச்சைக்குமேல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நிலையில், 16 ஆண்டுகளை எவரும் ஏமாற்று வேலைக்குச் செலவிடமாட்டார்கள். நூல் முழுதும் ஒரே தரத்தில் இருக்கிறதா என்றால், இல்லை. களைக்கவைக்கும் பக்கங்கள் உண்டு, அவற்றைக் களைப்போடுதான் கடக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியாது. இப்படியான குழுக்களில் என்னைப் போன்றவர்கள் போய் உட்கார்ந்தால் வாயடைத்து இருக்க வேண்டியதுதானே? (வாசகி, யாழ்ப்பாணம்)

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்துக்குத்தான் நான் நீளமாக விடை எழுத விரும்பினேன்.

நாங்கள் நால்வர் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற செவிலியர், எல்லோருக்கும் அக்கா. அவருடைய ஆங்கிலம் மருத்துவமனையில் கற்ற ஆங்கிலம். நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது 196 ஆம் பக்கத்தில் தொடங்கும் எட்டாம் இயல். லிஃபி ஆற்றின் இரு கரைகளிலும் நின்று துணி துவைக்கும் இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசுகிறார்கள். அழுக்குத் துணியை வைத்தே அந்தந்த வீட்டுச் செய்தியைச் சொல்கிறார்கள். பேச்சுக்குள் உலகத்தின் நூற்றுக்கணக்கான ஆறுகளின் பெயர்களை ஜாய்ஸ் நெய்திருக்கிறார். நாங்கள் அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒருவர் படித்த வரியில் ‘ஃப்ளெப்’ என்று ஒரு சொல் வந்தது. எந்த அகராதியிலும் அது இல்லை. அக்கா உடனே, “இது ஈரத் துணியை உதறிக் கல்லில் விரிக்கிற சத்தம், எங்கள் ஊர்ப் படித்துறையில் விடியற்காலையில் இதுதான் முதலில் கேட்கும்” என்றார். அதற்கு முந்திய வாக்கியத்தைப் பார்த்தோம். அந்தப் பெண் உன் துணியை உன் கரையில் விரி, என் துணியை நான் என் கரையில் விரிக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே பகுதியில் இன்னோர் இடம். இருட்டிக்கொண்டு வருகிறது, ஆறு அகலமாகிவருகிறது, ஒருத்தி பேசுவது மற்றவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒருத்தி ‘ஃபீலூர்’ என்கிறாள். ஜெர்மன் மொழியில் மணி என்ன என்று கேட்கும் ‘வீஃபீல் ஊர்’ என்பதன் அரைகுறை ஒலி அது. அக்கரையில் இருப்பவள் காதில் அது ‘ஃபிலூ’ என்று விழுகிறது. பிரெஞ்சில் அதற்குப் போக்கிரி என்று பொருள். மணி கேட்டவளுக்கு வசவு கிடைக்கிறது. இந்த நூலில் அரைகுறையாகக் கேட்பதும் தவறாகக் கேட்பதும்கூடப் பொருளின் ஒரு பகுதியே. அப்படியிருக்க, உங்கள் ஆங்கிலம் அரைகுறை என்பது எப்படித் தகுதிக்குறைவாகும்?

முதல் பக்கத்திலேயே நூறு எழுத்துகள் கொண்ட ஓர் ஒற்றைச் சொல் வருகிறது. அது இடிமுழக்கம். அதற்குள் ஜப்பானியரின் ‘கமினாரி’, பிரெஞ்சுக்காரரின் ‘தொனேர்’, இத்தாலியரின் ‘துவோனோ’, டேனிஷ்காரரின் ‘தோர்டன்’ என்று பல மொழிகளில் இடியைக் குறிக்கும் சொற்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. நூலில் இப்படி மொத்தம் பத்து இடிச்சொற்கள். ஒன்பது நூறெழுத்து, கடைசி நூற்றோரெழுத்து, ஆக 1001. அரேபிய இரவுகளின் எண்ணிக்கை அது. நான்காம் பாகமோ ‘சந்த்யாஸ்’ என்ற சொல்லை மும்முறை கூவித்தான் தொடங்குகிறது. தேவாலயத்தில் மும்முறை ஒலிக்கும் ‘சாங்டுஸ்’ அதில் இருக்கிறது. நம் ‘சந்தி’யும் இருக்கிறது. இரவு முடிந்து வெளுக்கும் வேளை அது என்பதை டப்ளின் வாசகர் குறிப்பு நூலில் தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தியாவேளை என்று சொல்லி வளர்ந்த நமக்குக் குறிப்பு தேவையில்லை. நீங்கள் போய் உட்காருங்கள்; கேட்பதைக் கேட்டபடி சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு நூலை இப்படி வரிவரியாகக் கூடிப் படிப்பது நம் மரபில் இல்லாததா என்ன? (வாசகர், ஸ்ரீரங்கம்)

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விரிவுரையே ஈடு முப்பத்தாறாயிரப்படியாக ஏட்டில் ஏறியது. அந்த ஈட்டை மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பு ஓராண்டுக் காலம் காலட்சேபமாகச் சொன்னதை வைணவர் இன்றும் போற்றுகிறார்கள். மெதுவாகப் படிப்பதை நமக்கு வெளியார் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. காலட்சேபத்தில் பொருள் அறிந்த ஆசிரியர் ஒருவர் இருப்பார், மற்றவர் கேட்பார்கள். சூரிச்சிலும் வெனிஸிலும் நடப்பதில் அப்படி ஒருவர் இல்லை. ஃபிரிட்ஸ் சென் பல்லாண்டு படித்தவர்தான், ஆனாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அவருடைய மேசையில் நேற்று வந்தவரும் அவரை மறுக்கலாம்.

கேள்வி: இயற்பியலில் வரும் ‘குவார்க்’ இந்த நாவலில் இருந்து வந்தது என்று ஆசிரியர் சொன்னார். உண்மையா? (மாணவர், தஞ்சாவூர்)

உண்மை. 383 ஆம் பக்கத்தில் “த்ரீ குவார்க்ஸ் ஃபார் மஸ்டர் மார்க்” என்று ஒரு பாட்டு தொடங்குகிறது. 1964 இல் அணுவின் உட்துகள்களுக்குப் பெயர் வைத்த மர்ரே ஜெல்மான், தம் மனத்தில் முன்பே இருந்த ஓர் ஒலிக்கு எழுத்துவடிவத்தை அந்த வரியிலிருந்து எடுத்துக்கொண்டார். மூன்று என்ற எண்ணும் அவருடைய கோட்பாட்டுக்குப் பொருந்தி வந்தது.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் குழு தொடங்கலாம் என்றிருக்கிறோம். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது? குறிப்பு நூல்களை முதலிலேயே படித்துவிட வேண்டுமா? (வாசகர்கள், கோயம்புத்தூர்)

ஆறு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. எல்லோரிடமும் ஒரே பக்க எண் உள்ள பதிப்பு இருக்கட்டும். இந்த நூலின் வழக்கமான பதிப்புகள் எல்லாவற்றிலும் அந்தந்தப் பக்கத்தில் அந்தந்த வரிகளே அமைந்திருப்பதால், பக்கத்தையும் வரியையும் சொன்னால் போதும், சூரிச்சில் இருப்பவரும் கோயம்புத்தூரில் இருப்பவரும் ஒரே சொல்லைத் தொடலாம். ரோலண்ட் மக்ஹியூ 1980 இல் வெளியிட்ட விளக்கக் குறிப்பு நூலும் இதே முறையில் அமைந்தது. நாவலின் பக்கத்துக்கு நேராக அதே எண்ணுள்ள குறிப்புப் பக்கம். வரிக்கு நேராக அந்த வரிக்கான குறிப்பு.

அந்தக் குறிப்பு நூலை ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். அதுவும் மூடியே இருக்கட்டும். முதலில் ஒரு பத்தியை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு இன்னொருவர் அதையே படிக்க வேண்டும். இரண்டு வாய்களில் ஒரு பத்தி இரண்டு விதமாக ஒலிப்பதைக் கேட்டாலே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். அதன்பின் ஒவ்வொருவரும் தமக்குக் கேட்டதைச் சொல்லலாம். சொல்லி ஓய்ந்த பிறகே குறிப்பைத் திறக்க வேண்டும். குறிப்பு முன்னால் வந்துவிட்டால் மேசையில் இருப்பவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அச்சில் வந்ததே சரி என்று அடங்கிவிடுவார்கள். இதை நான் பட்டு அறிந்தேன். ஒரு ஞாயிறு, முந்தின நாள் இரவெல்லாம் கண்விழித்துத் தயாரித்த பதினைந்து பக்கக் குறிப்போடு போனேன். ஒன்றரை மணி நேரம் நான் மட்டுமே பேசினேன். நண்பர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். எழுந்து போகும்போது அக்கா, “இன்று புத்தகம் திறக்கவே இல்லையே, தம்பி” என்று மெல்லச் சொன்னார். அன்றிலிருந்து குறிப்பு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன்.

நாவலின் முதல் வரி இருக்கும் மூன்றாம் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் சொன்ன துவைக்கும் பெண்களின் இயலில் தொடங்குங்கள். அதன் கடைசிப் பக்கங்களை ஜாய்ஸ் தம் குரலிலேயே 1929 இல் ஒலிப்பதிவு செய்திருக்கிறார், இணையத்தில் கிடைக்கிறது, ஏறத்தாழ எட்டு நிமிடம். பார்வை மங்கியிருந்ததால் அவர் படிப்பதற்குப் பெரிய எழுத்துகளில் வரிகளை அமைத்துத் தர வேண்டியிருந்தது. அந்தக் குரலில் இரண்டு கிழவிகளும் மெல்ல இருட்டில் கரைகிறார்கள். ஒருத்தி மரமாகிறாள், ஒருத்தி கல்லாகிறாள். கால் அசையவில்லை, அந்த எல்ம் மரத்தைப் போல் நானும் முதியவளாகிவிட்டேன் என்று ஒருத்தி சொல்லும் இடத்தில், பொருள் தெரியாதவரும் அமைதியாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். உங்கள் முதல் கூட்டத்தை அந்த எட்டு நிமிடத்தோடு தொடங்குங்கள்.

இடையில் சிலர் விலகுவார்கள். அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். திரும்பி வருவதற்குக் கதவு திறந்திருக்கட்டும். எந்தப் பக்கத்திலும் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்பது இந்த நூலில் உள்ள ஒரு வசதி. விட்டுப்போன கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: இப்படிப்பட்ட நூலை மொழிபெயர்க்க முடியுமா? (வாசகர், சிங்கப்பூர்)

பெயர்த்திருக்கிறார்கள். பிலிப் லவேர்ன் 1982 இல் முழு நூலையும் பிரெஞ்சில் தந்தார். யானசே நவோகி 1990களின் தொடக்கத்தில் ஜப்பானியத்தில் முடித்தார். சீனத்தில் டாய் சுங்ரோங் பல ஆண்டுகள் உழைத்த முதல் பகுதி 2012 இன் முடிவில் ஷாங்காயிலிருந்து வந்தபோது, முதலில் அச்சிட்ட 8000 படிகளும் சில வாரங்களில் விற்றுத் தீர்ந்தன.

எனக்கு இவற்றைவிட நெருக்கமானது பழைய நிகழ்ச்சி ஒன்று. நூல் முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, துவைக்கும் பெண்கள் இயலின் சில பக்கங்களைப் பிரெஞ்சில் பெயர்க்கும் வேலை பாரிஸில் நடந்தது. சாமுவேல் பெக்கெட்டும் அவருடைய நண்பர் ஆல்ஃபிரட் பெரோனும் செய்த முதல் வரைவை வைத்துக்கொண்டு, ஜாய்ஸும் பிலிப் சூப்போவும் பால் லியோனும் வேறு சில நண்பர்களும் லியோனின் வீட்டில் வாரந்தோறும் கூடினார்கள். ஒருவர் ஆங்கில வரியைப் படிப்பார். ஒருவர் பிரெஞ்சு வரியைப் படிப்பார். ஜாய்ஸ் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கேட்பார். ஒரு சொல்லுக்காக நெடுநேரம் வாதம் நடக்கும். இப்படிப் பதினைந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். 1931 மே மாதம் அது அச்சில் வந்தது. எழுதியவரே, தாம் எழுதிய சில பக்கங்களை நண்பர்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து வரிவரியாகப் படித்திருக்கிறார். சூரிச் குழுவுக்கும் வெனிஸ் குழுவுக்கும் முன்னோடி அந்த லியோன் வீட்டுக் கூடம் என்றே நான் எண்ணுகிறேன். தமிழில் செய்ய விரும்புபவர்களும் தனி மேசையில் தொடங்காமல், அப்படி ஒரு கூடத்தில் தொடங்கினால் நல்லது.

கேள்வி: 28 ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் அடுத்ததாக எந்த நாவலை எடுத்தார்கள்? உங்கள் குழு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? (வாசகி, காரைக்குடி)

2023 அக்டோபரில் கடைசி வரியைப் படித்தவர்கள் நவம்பரில் மீண்டும் கூடினார்கள். எடுத்துக்கொண்ட பக்கம், மூன்றாம் பக்கம். கடைசி ‘த’வுக்கு அடுத்த சொல் அங்கேதானே இருக்கிறது.

நாங்கள் துவைக்கும் பெண்களை முடித்துவிட்டு முதலுக்கு வந்து, இப்போது 18 ஆம் பக்கத்தில் நிற்கிறோம். மண்ணிலிருந்து எடுத்த ஓட்டுச்சில்லையும் எழுத்தையும் குனிந்து பார்க்கச் சொல்லும் பகுதி அது. அடுத்த ஞாயிறு படிக்கவேண்டியவர் அக்கா.